ஆள்காட்டி விரலின் விலை

2024-இல் ஆபீசில் எனக்கு ஒரு டிக்கெட் வந்தது. எங்கள் டீம் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறது. அந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தால் சம்பளத்தோடு சில சலுகைகளும் வரும். அதில் ஒன்றின் பெயர் ‘ஆக்சிடென்டல் டெத் அண்ட் டிஸ்மெம்பர்மென்ட்’. சுருக்கமாக ஏடி அண்ட் டி. விபத்தில் உயிர் போனாலோ உறுப்பு போனாலோ கிடைக்கிற பணம். எந்த உறுப்புக்கு எத்தனை சதவீதம் என்ற பட்டியலை டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். அரை நாள் வேலை.

பட்டியல் சின்னதுதான். உயிர் போனால் 100. இரண்டு கையோ, இரண்டு காலோ, இரண்டு கண்ணோ போனால் 100. ஒரு கை, ஒரு கால், ஒரு கண், இதில் ஏதாவது ஒன்று போனால் 50. ஒரே கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து போனால் 25. கை என்றால் மணிக்கட்டிலோ அதற்கு மேலோ துண்டாகியிருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத எதற்கும் மதிப்பு பூஜ்யம்.

ஏற்றி முடித்துவிட்டு டெஸ்ட் கேஸ்கள் எழுதினேன். ‘ஆள்காட்டி விரல் மட்டும்’ என்று ஒன்று. பூஜ்யம் என்று பதில் வந்தது. டெஸ்ட் பாஸ். திரையில் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் அப்பச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது.

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பச்சி அங்கிருந்து கோயமுத்தூருக்குப் போய் ஒரு பஞ்சாலையில் கார்டிங் டிபார்ட்மெண்டில் சேர்ந்தவர். 1973-இல் ஒரு முழு நைட் ஷிப்டில் கார்டிங் மிஷின் அவருடைய விரலை அடியோடு எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பி அரை ஏக்கரில் மல்லிகை போட்டார். விடியற்காலையில் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கட்டைவிரலையும் நடுவிரலையும் வைத்து அவர் மொட்டுப் பறிப்பதைப் பார்த்தால் ஒரு விரல் குறைகிறது என்றே தோன்றாது. எதையாவது சுட்டிக் காட்டும்போதுதான் தெரியும். முழு உள்ளங்கையையும் நீட்டிக் காட்டுவார்.

அந்த விரலுக்காக அவருக்குச் சாகும்வரை மாதாமாதம் ஒரு தொகை வந்தது. நான் ஏற்றிய பட்டியலில் பூஜ்யமாக இருக்கும் விரலுக்குக் கோயமுத்தூரில் எப்படிக் காசு வந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

*

உறுப்புக்கு விலை போட்ட பட்டியல்கள் மிகப் பழையவை. பதினேழாம் நூற்றாண்டில் கரீபியன் கடற்கொள்ளையர்களோடு மருத்துவராக இருந்த எக்ஸ்கெமெலின் 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நூல் வெளியிட்டார். கப்பல் கிளம்பும் முன்பே கொள்ளையர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அதில் இருக்கிறது. வலது கை போனால் 600 வெள்ளிக்காசு, இடது கைக்கு 500. வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400. ஒரு கண்ணுக்கு 100. ஒரு விரலுக்கும் 100. காசுக்குப் பதிலாக அடிமைகளாகவும் வாங்கிக்கொள்ளலாம். 600 காசு என்றால் ஆறு அடிமை. தன் கைக்கு விலை கேட்டு வாங்குகிறவன் அடுத்தவனை முழு ஆளாகவே விலைக்கு எடுத்துக்கொள்கிறான். அந்த வரியைக் கடந்துபோகக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

இன்றைய விபத்துக் காப்பீட்டின் நேரடி மூதாதை ரயில். 1849-இல் இங்கிலாந்தில் ரயில்வே பாசஞ்சர்ஸ் அஷ்யூரன்ஸ் கம்பெனி வேலையைத் தொடங்கியது. பயணச் சீட்டோடு சேர்த்துக் காப்பீட்டுச் சீட்டும் வாங்கலாம். முதல் வகுப்புக்காரர் 3 பென்னி கொடுத்தால் உயிருக்கு 1,000 பவுண்டு. மூன்றாம் வகுப்புக்காரர் 1 பென்னி கொடுத்தால் 200 பவுண்டு. ஒரே வண்டி, ஒரே விபத்து. இந்த யோசனையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ஜேம்ஸ் பேட்டர்சன். அவருடைய டிராவலர்ஸ் கம்பெனி 1864-இல் ஹார்ட்ஃபோர்டில் விபத்துப் பாலிசி விற்க ஆரம்பித்தது.

ரயில் மோதினால் உயிர் போகும், கால் போகும். விரல் நுனி நசுங்குவது மில்லில் நடப்பது. இந்தப் பாலிசிகள் பெரிய, திடீர் இழப்புகளுக்காகப் பிறந்தவை. பிற்பாடு முதலாளிகள் ஆயுள் காப்பீட்டைக் கும்பலாக வாங்கி ஊழியர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, விபத்துப் பாலிசியும் அதோடு ஒட்டிக்கொண்டது. நான் ஏற்றிய பட்டியல் அந்த வழியில் வந்தது.

அமெரிக்கத் தொழிலாளிக்கு விரல் போனால் ஒன்றுமே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. வேலையில் நடந்த விபத்துக்கு அங்கே மாநிலச் சட்டங்கள் தனியாக இருக்கின்றன. ஏடி அண்ட் டி அதற்கு மேல் வருகிற சலுகை. வேலை நேரம், விடுமுறை என்று பார்க்காமல் 24 மணி நேரமும் காக்கும். அது நல்ல விஷயம்தான். ஆனால் வேலையை விட்டால் பெரும்பாலும் அதுவும் விட்டுப்போகும்.

*

சட்டம் வந்த வழி வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிபட்ட தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போட்டுத் தவறு முதலாளியுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். 1837-இல் இங்கிலாந்தில் ஒரு கசாப்புக் கடைப் பையன், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து காயம்பட்டு முதலாளிமேல் வழக்குப் போட்டான். பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு. பையன் தோற்றான். அதற்குப் பிறகு முதலாளிகள் கையில் மூன்று பூட்டுகள் சேர்ந்தன. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்? உன் கவனக்குறைவும் கொஞ்சம் இருக்கிறதே? தவறு செய்தது உன் கூட்டாளிதானே, நான் எப்படிப் பொறுப்பு?

இந்தப் பூட்டுகளை உடைத்தது ‘யார் தவறு என்று கேட்க வேண்டாம்’ என்ற எளிய யோசனை. வேலையில், வேலையால் அடிபட்டால் பட்டியலைப் பார், காசைக் கொடு. ஜெர்மனி 1884-இலும் இங்கிலாந்து 1897-இலும் இந்த வழிக்கு வந்தன. நியூயார்க் மாநிலம் 1910-இல் போட்ட இப்படி ஒரு சட்டத்தை அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று செல்லாது என்றது. மறுநாள் அதே மாநிலத்தில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. இறந்தவர்கள் 146 பேர், பெரும்பாலும் இளம் பெண்கள்.

இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் நிறைவேறி 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் அட்டவணைதான் நம்முடைய பட்டியல். வலது கை முழங்கையிலோ அதற்கு மேலோ போனால் 70, இடது கைக்கு 60. கட்டைவிரலுக்கு 25, ஆள்காட்டி விரலுக்கு 10, மற்ற விரல் ஒவ்வொன்றுக்கும் 5. வலதுக்கு ஒரு விலை, இடதுக்கு ஒரு விலை. கொள்ளையர் ஒப்பந்தத்துக்கு இரண்டரை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கணக்கு மாறவில்லை. உயிர் போனால் முப்பது மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது.

1962-இல் இந்த அட்டவணையைத் திருத்தி எழுதினார்கள். வலது, இடது வித்தியாசம் போனது. விரல்கள் கணு கணுவாகப் பிரிந்தன. ஆள்காட்டி விரல் முழுசும் போனால் 14. இரண்டு கணு போனால் 11. ஒரு கணு போனால் 9. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. நடுவிரல் முழுசுக்கும் 12. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 7. பிரிட்டனின் தொழில்விபத்துப் பட்டியலிலும் ஆள்காட்டி விரலுக்கு இதே 14தான். நம் பட்டியலில் மேல்கையை அளக்கும் இடத்தில் 20.32 சென்டிமீட்டர் என்று ஓர் அளவு வரும். எந்த மருத்துவர் இவ்வளவு துல்லியமாக அளப்பார் என்று யோசித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக எட்டு அங்குலம். அங்குலத்தைச் சென்டிமீட்டர் ஆக்கியவர் தசமப் புள்ளியைக்கூடத் தொடவில்லை. பழைய சிஸ்டத்திலிருந்து புதுசுக்கு டேட்டா மாற்றும்போது நாங்களும் இதைத்தான் செய்வோம்.

பட்டியல் என்றால் முரட்டுத்தனமும் இருக்கும். தறி ஓட்டுகிறவரின் விரலும் கணக்கு எழுதுகிறவரின் விரலும் அதற்கு ஒன்றுதான். 1970களின் நடுவில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தச்சரின் வழக்கு வந்தது. இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பட்டியலைப் பார்த்தால் அது பகுதி இழப்பு மட்டுமே. ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்ற ஆணையரின் முடிவை நீதிமன்றம் சரி என்றது. பட்டியல் தருவது குறைந்தபட்சம், அதற்கு மேல் மனிதனைப் பார்க்கலாம் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

*

இப்போது கோயமுத்தூர்.

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் நூற்பாலையைக் கொண்டுவந்தார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. ஊருக்கு மணிக்கூண்டு தேவைப்படவில்லை, மில் சங்கு இருந்தது. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று வீடுகள் தூங்கி எழுந்தன.

1923 சட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. காசைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அவர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அடிபட்டவர் தனக்குக் கூலி கொடுக்கிற ஆளையே எதிர்த்துத்தான் ஆணையர் முன் நிற்க வேண்டும். இதற்கு மாற்றாகத் தொழிலாளர்களுக்கு ஒரு பொதுக் காப்பீடு வேண்டும் என்று 1944-இல் பேராசிரியர் அடார்கர் அறிக்கை கொடுத்தார். 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் அது முதலில் வந்த ஊர் மெட்ராஸ் கிடையாது, கோயமுத்தூர். தேதி 1955 ஜனவரி 23.

அதே 1955-இல்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. அங்கே மண் சுமந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. மின்சாரத்தில் ஓடுகிற, வருடம் முழுக்க நடக்கிற, இருபது பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளுக்கு மட்டும்தான் அப்போது அது பொருந்தும். அணைக்கட்டுக்காரர்களுக்கு 1923 சட்டம்தான். அப்பச்சி அணை வேலைக்குப் போகாமல் மில்லுக்குப் போனதற்குக் காரணம் வேறு ஏதாவது இருக்கும். ஆனால் 1973-இல் அந்த ஷிப்டில் விரல் போனபோது அவர் எந்தப் பட்டியலுக்குள் நின்றார் என்பதை அந்த முடிவுதான் தீர்மானித்தது.

அவரை மெடிக்கல் போர்டு முன் நிறுத்தினார்கள். விரலைப் பார்த்தார்கள், 14 என்று எழுதினார்கள். முழு ஊனத்துக்கு என்ன தருவார்களோ அதில் 14 சதவீதம், மாதாமாதம், ஆயுள் முழுக்க. காயம் ஆறியதும் அவர் அதே மில்லுக்கு, அதே சம்பளத்துக்குத் திரும்பினார். ஆனாலும் காசு வந்தது. எவ்வளவு சம்பாத்தியம் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. 14 என்றால் 14.

டிக்கெட்டை முடித்த அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அமுச்சியிடம் கேட்டேன். “அமுச்சி, அப்பச்சி வெரலுக்கு வந்த காசு யாரு குடுத்தது, மில்லுக்காரரா?”

“அதாரு குடுத்தாங்கன்னு எனக்கென்ன கண்ணு தெரியும்? இ.எஸ்.ஐ. காசும்பாரு. மாசமானா வரும். ஒருத்தரையும் போயிக் கேட்டதில்ல, ஒருத்தருக்கும் கும்புடு போட்டதுமில்ல. வர வேண்டிய காசு வந்துது, அவ்வளவுதான்.”

*

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

என் மாமா பையன் ஒரு தறிக்குடோனில் வேலை பார்க்கிறான். ஆறு பேர் வேலை செய்யும் இடம். 2021-இல் தறியின் பல்சக்கரத்தில் அவனுக்கும் ஆள்காட்டி விரல் போனது, அடியோடு. அப்போது அவனுக்கு முப்பது வயது. செய்தி குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. நான் ஐயாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டு, “உடம்பைப் பாத்துக்கோ மாப்ளே” என்று எழுதினேன். முதலாளி ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கொண்டார். மேற்கொண்டு நாற்பதாயிரம் கொடுத்து, ‘இனி எந்த பாக்கியும் இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஊரில் எல்லோரும் நல்ல மனுசன் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து, அமெரிக்கர்களின் விரல் கணக்கை முடித்துவிட்டு வந்த பிறகுதான், நம் சட்டத்தின் கணக்கை அவனுக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துப் பேர் இல்லாத குடோன் என்பதால் இ.எஸ்.ஐ. வராது. ஆனால் 1923 சட்டம் பொருந்தும். 2009 திருத்தத்துக்குப் பிறகு அதன் பெயர் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். முழு ஊனத்துக்குச் சூத்திரம் இதுதான்: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், பெருக்கல் வயதுக்கான காரணி. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு உச்சவரம்பு 15,000, 2020 ஜனவரியிலிருந்து. அவன் அதற்கு மேலேதான் வாங்கினான். முப்பது வயதுக்குக் காரணி 207.98.

15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. அதில் 14 சதவீதம் 2,62,054 ரூபாய் 80 பைசா.

அவன் வாங்கியது நாற்பதாயிரம்.

அந்தத் தாளில் போட்ட கையெழுத்து? உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. இழப்பீடு இவ்வளவு என்று பேசி முடித்தால் அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும். கோரிக்கை வைக்க இரண்டு வருடக் கெடு. அது போய்விட்டது. ஆனால் தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. பட்டியல் அதற்குள் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

எனக்கும் ஆபீசில் விபத்துக் காப்பீடு உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த ஃபைலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது எடுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் மூன்று கணுவும் போனால் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம். கீபோர்டில் அடித்து நான் எந்த விரலை இழக்கப் போகிறேன்? விரல் போகிற இடத்தில் வேலை செய்கிறவனுக்கு ஃபைலும் இல்லை, அதில் அந்தப் பக்கமும் இல்லை.

மாப்பிள்ளைக்குப் போன் செய்து கணக்கைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். “அவரு பாவம் மச்சா. ஆறு தறிய வெச்சுட்டு அவரே கடன்ல ஓட்டறாரு. ரெண்டரை லட்சத்துக்கு மேலன்னா எங்க போவாரு?”

அவன் சொல்வது பொய்யில்லை. வருடத்துக்கு ஒரு பிரீமியம் கட்டித் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி எடுத்திருந்தால் அந்தப் பணத்தை ஒரு கம்பெனி கொடுத்திருக்கும். முதலாளி எடுக்கவில்லை. எடு என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் 14 என்ற எண் அப்பச்சிக்கு ஒரு அலுவலகத்திலிருந்து வந்தது. இவனுக்கு, கோயில் நோம்பிக்கு ஒன்றாகப் பந்தல் போடுகிற ஒரு மனிதரின் சட்டைப்பையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்தும் விரலுக்கு அதே 14தான். ஆனால் அதைக் கேட்பதற்கு அவன் யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவனைத் தடுக்கிறது. அமுச்சி கும்பிடு போட்டதில்லை என்று சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அந்தத் தாளு செல்லாது மாப்ளே. கேக்கறது உன்ற உரிமை. வக்கீல் ஒருத்தரப் பாத்துப் பேசலாம், நானும் வாரேன்” என்றேன்.

“செரி மச்சா, யோசிக்கறேன்” என்று வைத்துவிட்டான்.

ராத்திரி கணக்கைத் தனித்தனி வரியாக எழுதி, சட்டப் பிரிவு எண்களோடு அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

“இதக் கேட்டா நாளைக்கு மறுபடி அந்தக் குடோனுக்கே வேலைக்குப் போக முடியுமா மச்சா?”

இன்னும் பதில் அனுப்பவில்லை.